உதட்டுக் கொப்புளமும் புற்றுநோய் வைத்தியமும்

ஜுரம் விட்டதும் உதட்டோரம் முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்புமே, பார்த்திருப்பீர்கள். அதை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் ஒரு ஜீனை எடுத்துப் புற்றுநோய் வைத்தியத்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள், சகோதரிகளே!

ஜீனைக் கட்டிக்குள் செலுத்திவிட்டு, வைரஸை அடக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். மற்ற செல்களில் அந்த மருந்து சாதுவாக இருக்கும். ஜீன் புகுந்த செல்லில் மட்டும் விஷமாக மாறும். பாலில் உறை விட்டால்தானே தயிராகும்? அந்த மாதிரிதான். பக்கத்திலிருக்கும் புற்றுச் செல்களும் கூடவே சாகும்.

1992-இல் அமெரிக்காவில், பெதஸ்தாவில், மூளைக் கட்டி நோயாளிகளுக்கு இதை ஆரம்பித்தார்கள். ஆனால் 248 பேரை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2000-இல் வந்தபோது, ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. பிறகு ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயில், கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவில், நோய் திரும்புவது குறைந்திருந்தது.

கவனியுங்கள், கதிர்வீச்சுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துத்தான்! "புது மருந்து வரட்டும், இப்போ கரண்ட் வைக்க வேண்டாம்" என்று வீட்டில் யாராவது தள்ளிப்போட்டால் விடாதீர்கள். மருந்து வரும்வரை கட்டி காத்திருக்காது.