நாலு மணிக் காற்று

அக்கா மகன் நார்வேயிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. மரம் இல்லை, வீடு இல்லை. நடுவில் சிவப்புக் கோட்டு போட்ட ஓர் ஆள். காலில் ஸ்கீ பலகை, இடுப்பில் வார்ப்பட்டை, தலைக்கு மேலே உயரத்தில் கட்டில் விரிப்பைவிடப் பெரிய காத்தாடி. அது இழுக்க இழுக்க அவர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பனியில் சறுக்கி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். காத்தாடியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுவதை அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான் புரிந்தது, சிவப்புக் கோட்டு ஆசாமி இவனேதான்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காத்தாடி விடக் கற்றுக்கொண்ட பையன் அவன். அப்போது எட்டு வயது இருக்கும். சூத்திரம் கட்ட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சூத்திர முடிச்சு அரை விரல் தள்ளிப் போனாலும் காத்தாடி குத்துக்கரணம் போடும் என்று அவனுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அதைவிட அதிக நாள் எடுத்தது காற்றைப் படிப்பதற்கு.

இந்தப் பக்கத்தில் காத்தாடி விட்டவர்களுக்குத் தெரியும். கத்திரி வெயில் நாட்களில் மதியம் அடிப்பது மேல்காற்று. அனல் மாதிரி இருக்கும். காத்தாடி வில்லிவாக்கம் பக்கம் சாய்ந்து நிற்கும். நாலு மணியை நெருங்கும்போது நூல் தொய்யும். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம், ஒரு இலை அசையாது. பிறகு முகத்தில் ஜில்லென்று ஒன்று படும். கடல்காற்று. மெரினாவில் எப்போதோ வந்துவிட்டது, நமக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. ஆவடிக்கு இன்னும் கொஞ்சம் கழித்து. நூலைச் சுருட்டி, மாடியின் அடுத்த கோடிக்குப் போய், ஆவடி பக்கம் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்த இடைவெளி வரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடித்துக் காத்தாடியைக் கையில் இறக்கிவிடுகிறவன்தான் கெட்டிக்காரன். மற்றவர்களின் காத்தாடி அடுத்த தெரு கரண்டுக் கம்பியில் தொங்கும். கொடியில் காயும் வேட்டியைப் பார், தொழிற்பேட்டைப் பக்கம் புகை எப்படிச் சாய்கிறது பார் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வீடியோ பார்த்த அன்று இரவே போன் போட்டேன். முதலில் கேட்டது, “அங்கே காத்து எப்பத் திரும்பும்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்பதுதான். சிரித்துவிட்டு, “அதைத்தான் மாமா இங்கேயும் முதல்ல சொல்லிக்கொடுக்கறாங்க” என்றான்.

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில் பாதையில் ஹார்டாங்கர்விட்டா என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே ஹௌகஸ்தோல் என்ற சின்ன ஸ்டேஷன்தான் இந்த விளையாட்டுக்காரர்களின் கூடாரம். பக்கத்தில் இருக்கும் ஃபின்ஸே 1,222 மீட்டர் உயரம்; அந்தப் பாதையிலேயே உயரமான ஸ்டேஷன். 1911இல் தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென், 1896இல் தன் அண்ணனோடு இதே மேட்டுநிலத்தைக் கடக்கப் போய்ப் பனிப்புயலில் வழி தவறினார். தூங்கும் பைக்குள் இருந்த அவரைப் பனி இறுகி மூடிவிட்டது; அண்ணன்தான் தோண்டி எடுத்தார். துருவத்தை வென்றவரையே கொல்லப் பார்த்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை காத்தாடி விடுகிறான் என்றால் வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

பயப்பட வேண்டியது எது என்று அவன் சொன்னதை எழுத வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காத்தாடியின் இழுப்பு நாலு மடங்காகும். மலையில் ஒரு முகட்டைத் தாண்டிய மறுபக்கத்தில் காற்று சுருண்டு விழும். நின்ற காத்தாடி தலைகுப்புற இறங்கி, அடுத்த நொடி ஆளைத் தூக்கி எறியும். அதைவிட மோசமானது பனிச்சரிவு. முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி உடைந்து இறங்கும். நடந்து ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு அடியிலும் கால் சேதி சொல்லும்: இங்கே பனி கெட்டி, இங்கே அடியில் பொத்தல், இங்கே ‘டொப்’பென்று ஒரு சத்தம், திரும்பிப் போய்விடு. காத்தாடி அவனை ஐந்து நிமிடத்தில் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. கால் எதையும் கேட்டிருக்காது. வழியைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். காற்று நின்றுவிட்டால் பத்து கிலோமீட்டர் ஆனாலும் ஸ்கீயில் மிதித்துத்தான் திரும்ப வேண்டும். அதனால் முதுகுப் பையில் சாப்பாடு, மண்வெட்டி, போர்வை எல்லாம் இருக்கும்.

காற்றைப் பனியில் பூட்டி ஓட்டுவது புதிதல்ல. 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நான்சென் குழு, சறுக்குவண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்தது. 1996-97இல் போர்கே ஊஸ்லாண்ட் தனி ஆளாக அண்டார்டிகாவைக் கடந்தார். 64 நாளில் 2,845 கிலோமீட்டர், காற்று வாய்த்தபோதெல்லாம் பாய் இழுத்த இழுப்பில். பனி இல்லாத நம் ஊரில் இதன் தம்பி ராமேஸ்வரத்தில் இருக்கிறது. வாடைக்காற்றும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சானும் மாறி மாறி அடிக்கும் அந்தக் கடலில், காத்தாடி இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர் மேல் போகிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024இல், அதே விளையாட்டு முதல்முறையாகப் பதக்கத்துக்கு வந்தது.

அவன் சொன்னவற்றில் எனக்கு மனதில் நின்றது வேறொன்று. காத்தாடியைத் திருப்பும் பிடிகம்பிக்குக் கீழே, நெஞ்சுக்கு நேரே, சிவப்பாக ஒரு பிடி. ஆபத்து என்றால் அதை ஒரே தள்ளு தள்ள வேண்டும். காத்தாடி முழுவதும் ஒற்றை நூலில் தளர்ந்து, துணி மாதிரி பனியில் விழுந்துவிடும். காத்தாடியை ஏற்றக் கற்றுக்கொடுக்கும் முன்னால் இந்தப் பிடியைத் தள்ளத்தான் பழக்கினார்களாம். கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, திரும்பத் திரும்ப. இறுக்கமான நூல் ஆளை அறுக்கும் என்பதால் ஒருவர் நூலுக்குக் கீழே இன்னொருவர் போகவே கூடாது என்பதும் முதல் நாள் பாடம்.

இதைக் கேட்டபோது எனக்குத் துக்கம் பொங்கியது. நம் காத்தாடியில் நாம் வளர்த்தது என்ன? ட்யூப்லைட்டை உடைத்து, அரைத்து, துணியில் சலித்து, ஜவ்வரிசிக் கஞ்சியில் கலந்து, மாஞ்சாவாக நூலில் தடவுவது. டீல் விட்டு அடுத்தவன் காத்தாடியை அறுப்பது. நானும் சின்ன வயதில் செய்தவன். பருத்தி நூலாவது இழுத்தால் அறுந்தது. நைலான் வந்த பிறகு அதுவும் போயிற்று. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டை பக்கம், அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துச் செத்துப்போனது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2017இல், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்திருந்தது. தடை இருந்தது, நூலும் இருந்தது. போன வருடம் கொரட்டூர் பக்கம் ஸ்கூட்டரில் வரும்போது என் கழுத்துத் துண்டில் ஒரு நூல் சிக்கியது. வண்டியை நிறுத்தி விலக்கியதில் ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். துண்டு இல்லாவிட்டால் இந்தப் பத்தி இல்லை.

காத்தாடியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாஞ்சாவைத்தான் வேண்டாம் என்கிறேன். அறுப்பது என்ற ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காற்று. ஒரு பிள்ளை அதை நூல் வழியாக விரலில் உணர்ந்து படித்தால், பிற்பாடு எந்த மலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மே மாதம் தையல் கடையில் சாதாரணப் பருத்தி நூல் ஒரு கண்டு வாங்குங்கள். கடைக்காரர் பெட்டிக்கு அடியிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ரோடும் கரண்டுக் கம்பியும் பக்கத்தில் இல்லாத மைதானமாகப் பாருங்கள். ஏரிக்கரை வேண்டாம், அது பறவைகளின் வழி. முடிந்ததும் அறுந்த நூலைக் கையோடு சுருட்டி எடுத்து வாருங்கள். பிள்ளையோடு நீங்களும் மூன்றரை மணிக்கே போய் நில்லுங்கள். காற்று திரும்ப அரை மணி நேரம் இருக்கும்.