எரிவது பாவை, எஞ்சுவது யாது?

ஒரு மக்கட் கூட்டம் எதனைச் செய்து குவிக்கிறது என்பதைக் கொண்டு அதன் ஆற்றலை அளக்கலாம். எதனை விலை பேசாமல் பிறர்க்கு விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கொண்டே அதன் பண்பாட்டை அளத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் விலை வைக்கும் நாடெனப் பெயர்பெற்ற அமெரிக்காவிலேயே இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்தார் கிளம்பினர் என்பது எண்ணத்தக்க செய்தியாகும். நெவாடா மாநிலத்துக் கரும்பாறைப் பாலையில் ஆண்டுதோறும் ஆகத்துத் திங்களின் இறுதியில் அவர்கள் கூடுகின்றனர். மரத்தாலான மாபெரும் மாந்தப் பாவையொன்றை நிறுத்தி, ஒரு கிழமைக்கு மேல் அதனைச் சூழ்ந்து வாழ்ந்து, முடிவில் அதனை எரித்துவிட்டுக் கலைகின்றனர். 'பர்னிங் மேன்' என்பது அவ்விழாவின் பெயர். 'எரியும் மாந்தன்' என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

இவ்விழாவைப் பற்றி இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் புழுதியிற் புரண்டு, வெறியூட்டும் பொருள்களை நுகர்ந்து, ஆடை களைந்து ஆடும் களியாட்டமே இஃது என்பார் ஒரு சாரார். காசின் ஆட்சி ஒழிந்த புதியதோர் உலகின் முளை இஃது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் தீயை மட்டும் பார்க்கின்றனர். பின்னவர் தீயின் ஒளியை மட்டும் பார்க்கின்றனர். அத்தீயைச் சுற்றி நிற்கும் மக்களையும், அவர்கள் காலடியிலுள்ள நிலத்தையும் பார்ப்பவர் சிலரே. பழித்தலும் எளிது, புகழ்தலும் எளிது. ஆராய்தலே அரிது.

இதன் தொடக்கம் மிகச் சிறியது. 1986ஆம் ஆண்டு சூன் திங்களில், சான் பிரான்சிசுகோ நகரின் பேக்கர் கடற்கரையில், இலாரி ஆர்வே என்பாரும் அவர் நண்பர் செர்ரி சேம்சு என்பாரும் ஏறத்தாழ எட்டடி உயர மரப்பாவையொன்றைச் செய்து எரித்தனர். சுற்றி நின்றவர் ஏறத்தாழ 20 பேர். அழைப்பிதழும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆண்டுதோறும் பாவை உயர்ந்தது, கூட்டமும் பெருகிற்று. 1990இல் காவல்துறையினர் கடற்கரையில் தீ மூட்டுதலைத் தடுத்தனர். அப்பொழுது, நகர வாழ்க்கையின் சலிப்பை எதிர்த்துக் குறும்புச் செயல்கள் புரிந்துவந்த 'ககோபனி' கழகத்தார் அப்பாவையைக் கரும்பாறைப் பாலைக்குக் கொண்டுசென்றனர். மரஞ்செடியற்ற, வெண்புழுதி பரந்த, தொன்மையான ஏரியொன்றின் காய்ந்த படுகை அது. மறைத்துக்கொள்ள ஒரு புதரும் இல்லாத அவ்வெளியில், கொண்டுவந்ததை உண்டும் கொண்டுவாராததைப் பிறரிடம் பெற்றும் வாழவேண்டிய நிலை தானே ஏற்பட்டது. கொள்கை நிலத்திலிருந்து முளைத்தது, ஏட்டிலிருந்து அன்று.

கட்டற்ற வாழ்க்கை எதுவரை செல்லும் என்பதை 1996ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஒருவர் விசையுந்து மோதலில் உயிரிழந்தார். கூடாரங்களில் உறங்கியோர் மேல் ஊர்தி ஏறியதில் சிலர் படுகாயமுற்றனர். விடுதலை என்பது அவரவர் விரும்பியவாறு ஊர்தி செலுத்துதல் அன்று என்பதை அதன்பின் அனைவரும் உணர்ந்தனர். துப்பாக்கிகள் விலக்கப்பட்டன, கண்டபடி ஊர்தி ஓட்டுதல் தடுக்கப்பட்டது. இராடு காரெட்டு என்னும் வடிவமைப்பாளர் வகுத்த திட்டப்படி நகர் எழுந்தது. பாவையை நடுவில் வைத்து, கடிகாரத்தின் இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரையிலான வளைவில் தெருக்களை அமைத்து, எஞ்சிய பக்கத்தைத் திறந்த பாலையாக விட்டனர். ஒழுங்கை வெறுத்தவரே ஒழுங்கை வகுத்துக்கொண்டனர். இது தோல்வி அன்று. ஒரு கூட்டம் குமுகாயமாக மாறும் இடம் இதுவே.

2004இல் ஆர்வே இவ்விழாவுக்குரிய பத்துக் கொள்கைகளை எழுதினார். எவரையும் விலக்காமை, ஈதல், வணிகம் கலவாமை, தற்சார்பு, தன் வெளிப்பாடு, கூட்டுழைப்பு, குடிமைப் பொறுப்பு, சுவடின்றிச் செல்லல், பங்கேற்பு, அந்தந்தப் பொழுதில் வாழ்தல் என்பன அவை. விழா நகரில் கடை இல்லை. விளம்பரப் பலகை இல்லை. நெடுங்காலம் பனிக்கட்டியும் குளம்பியும் மட்டுமே விற்கப்பட்டன. பின்னர்க் குளம்பி விற்பனையும் நின்றது. இதனைப் பண்டமாற்று எனச் சிலர் பிழைபடக் கூறுவர். பண்டமாற்றில் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல் வேண்டும். இங்கோ கொடுப்பவர் எதனையும் எதிர்பார்த்தல் ஆகாது. ஒருவர் உணவு சமைத்து வழிப்போக்கர்க்கு அளிப்பார். ஒருவர் பழுதான மிதிவண்டிகளைச் செப்பனிட்டுத் தருவார். ஒருவர் ஓராண்டு உழைத்துச் செய்த சிற்பத்தை நிறுத்தி, பின் தம் கையாலேயே எரிப்பார். பார்வையாளர் என்று தனியே எவரும் இல்லை என்பதே அந்நகரின் முதன்மையான பெருமிதம்.

2000ஆம் ஆண்டில் தாவீது பெசுட்டு என்னும் சிற்பி அங்கு மரத்தாலான கோயிலொன்றைக் கட்டினார். கட்டுமானத்தில் உடனிருந்த இளைஞர் ஒருவர் விழாவுக்குமுன் விசையுந்து விபத்தில் மறைந்தமையால், அக்கட்டடம் இறந்தாரை நினைக்கும் இடமாயிற்று. அதுமுதல் ஆண்டுதோறும் கோயில் எழுகின்றது. மக்கள் தாயின் படத்தையும் மகனின் உடையையும் கொண்டுவந்து வைக்கின்றனர், சுவரில் எழுதுகின்றனர், அழுகின்றனர். பாவை எரியும் இரவில் கூச்சலும் ஆட்டமும் நிகழும். கோயில் எரியும் இரவிலோ பல்லாயிரவர் வாய்மூடி நிற்பர். எந்தச் சமயத்தையும் சாராத இக்கூட்டத்தார்க்கும் துயரைச் சுமந்து வைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. களியாட்டம் என்று இதனைத் தள்ளுவோர் இவ்வோர் இரவையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் இவ்விழாவின் உண்மையான சிறப்பு எரிகின்ற இரவுகளில் இல்லை. எரிந்தபின் வரும் நாள்களில் உள்ளது. அந்நிலம் நடுவணரசின் நில ஆட்சித் துறைக்கு உரியது. விழா முடிந்தபின் எஞ்சும் குப்பை, சராசரியாக ஓர் ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மிகுதல் கூடாது என்பது அத்துறை வகுத்த அளவு. எனவே அனைவரும் சென்றபின் தொண்டர் குழுவொன்று பல நாள்கள் அங்கேயே தங்கி, வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல் நடந்து, ஆணியையும் இறகையும் நூலையும் பொறுக்குகின்றது. எந்தப் பாசறையார் தூய்மையாகச் சென்றனர், எவர் குப்பையை விட்டுச் சென்றனர் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களால் வரைபடத்திற் குறித்து வெளியிடுகின்றது. 2023இல் பெருமழையால் ஏரிப்படுகை சேறாகி, ஏறத்தாழ 70,000 பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினர். உலகச் செய்தித்தாள்கள் எள்ளி நகைத்தன. உள்ளே இருந்தோரில் மிகப் பலர் உணவையும் நீரையும் பகிர்ந்துகொண்டு காத்திருந்தனர். அவ்வாண்டும் அந்நிலம் தூய்மை ஆய்வில் தேறியது. கொள்கை என்பது நல்ல வெயிலில் பேசுவது அன்று, சேற்றில் நிற்பது.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. 1995இல் 35 தாலராக இருந்த நுழைவுச் சீட்டு, 2024இன் பொது விற்பனையில் 575 தாலராயிற்று. சீட்டு விலை ஒன்று மட்டும் அன்று. பாலைக்குச் செல்லும் பயணம், நீர், உணவு, கூடாரம் ஆகியவற்றின் செலவு அதனினும் மிகும். வருவாய் குறைந்தோர்க்கெனக் குறைந்த விலைச் சீட்டுகள் சில உண்டெனினும், ஒரு கிழமைக்கு மேல் வேலையை விட்டு வர இயலாத உழைப்பாளிக்கு அச்சீட்டு எதற்கு உதவும்? மறுபுறம், தனி வானூர்தியில் வந்திறங்கி, பிறர் அமைத்த குளிரூட்டிய கூடாரத்திற் புகுந்து, கூலியாள் சமைத்ததை உண்டு திரும்பும் செல்வர் பாசறைகளும் தோன்றின. பார்வையாளர் இல்லாத நகரில் பணம் கொடுத்த பார்வையாளர் வந்து அமர்ந்தனர். இதனை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் புறத்தார் அல்லர்; அவ்விழாவின் நெடுநாள் தொண்டர்களே. 2019இல் அமைப்பினர் அத்தகைய பாசறைகளைக் கட்டுப்படுத்த முற்பட்டனர். நோய் வெளியே இருந்து வந்ததெனினும் மருந்து உள்ளிருந்தே எழுந்தது என்பது ஆறுதல் தருவது.

பெயர் பற்றிய வழக்கும் நினைக்கத்தக்கது. தொடக்ககால அமைப்பாளருள் ஒருவரான சான் இலா, 2007இல் வழக்குமன்றம் சென்றார். விழாவின் பெயர் எவருடைய வணிகக் குறியாகவும் இருத்தல் கூடாது. பொதுவுடைமையாதல் வேண்டும் என்பது அவர் வேட்கை. வழக்கு பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. விற்பனையை விலக்கிய கூட்டம் தன் பெயரைக் காக்க வணிகச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க நேர்ந்தது. காத்திராவிடின் பெருநிறுவனங்கள் அப்பெயரை அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்பதும் உண்மையே. காசின் உலகுக்குள் காசற்ற ஊரை நிறுவுவார்க்கு இத்தகைய இடர்கள் தவிர்க்க இயலாதவை.

இவ்விடத்தில் தமிழ்ச் சொற்கள் தரும் தெளிவு பெரிது. ஆங்கிலத்தில் இவ்விழாவினர் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் 'கொடை' என்கின்றனர். திருவள்ளுவரோ ஒப்புரவறிதல், ஈகை என அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து, உள்ளதைப் பொதுவில் வைத்து வாழ்தல். ஈகை என்பது இல்லாதவர் கைக்குச் சேர்த்தல். பாலை நகரில் நிகழ்வது பெரும்பாலும் ஒப்புரவே, ஈகை அன்று. அங்குள்ளோர் அனைவரும் சீட்டு வாங்கி வந்தவர். கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் வீட்டில் உணவு உண்டு. இருப்பவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளுதல் நல்லதே. பகிராமையினும் பன்மடங்கு நல்லது. ஆனால் அதனையே ஈகை என மயங்கினால், வேலிக்கு வெளியே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாமற் போவான்.

அவ்வாறு கண்ணுக்குத் தெரியாமற் போனவர்கள் உண்மையில் உளர். அப்பகுதி வடபையூட்டுத் தொல்குடியினரின் வாழ்நிலம். 1860இல் தம் நிலத்துள் புகுந்த வெள்ளையரோடு அவர்கள் போரிட்டனர். இன்று விழாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பிரமிடு ஏரிப் பையூட்டினரின் ஒதுக்கீட்டு நிலத்தின் வழியாகவே செல்கின்றது. வழியோரத்தில் அம்மக்கள் உணவு விற்கின்றனர். திரும்புவோரின் குப்பையைக் கட்டணம் பெற்று வாங்கிக்கொள்வாரும் உளர். பாலையிற் சுவடு வையாதவருள் சிலர் தம் குப்பை மூட்டையைச் சாலையோரத்தில் எறிந்துவிட்டுச் செல்வதும் நிகழ்ந்துள்ளது. வேலிக்குள் ஓர் ஒழுக்கம், வேலிக்கு வெளியே ஓர் ஒழுக்கம் என்றால் அது பண்பாடு அன்று, விளையாட்டு விதி. மேலும், 'எவரையும் விலக்காமை' என்பதனைத் தலையாய கொள்கையாகக் கொண்டவர், அந்நிலத்துக்குரியவர் எத்துணைப் பேர் தம்மிடையே விருந்தினராகவன்றி உரிமையாளராக அமர்ந்துள்ளனர் எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

எனினும் ஒப்புரவு ஈகையாக மலரக்கூடும் என்பதற்கும் இவர்களே சான்று தந்தனர். 2005இல், விழா நிகழ்ந்துகொண்டிருந்த நாள்களிலேயே, கத்திரீனா என்னும் கடும்புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சிதைத்தது. விழா முடிந்ததும் தொண்டர் பலர் வீடு திரும்பாமல் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றனர். பிலாக்சி நகரில் இடிந்த வியத்துநாமியரின் புத்தர் கோயிலைச் சீர்செய்ய உதவினர். இடிபாடுகளை அகற்றிக்கொண்டு பல திங்கள் அங்கேயே தங்கினர். 'எல்லைகளற்ற எரியர்' எனப் பொருள்படும் தொண்டமைப்பு அதிலிருந்தே பிறந்தது. பாலையில் நீரும் நிழலும் மின்னும் இன்றி ஊர் கட்டிப் பழகிய கைகள், புயல் அழித்த ஊரில் எவ்வாறு உழைப்பது என்பதை எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தன. விழா பள்ளியாயிற்று, பேரிடர் அதன் தேர்வாயிற்று.

இன்று இவ்விழாவின் கிளைகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. தென்னாப்பிரிக்காவின் தாங்குவா கரூவில் 2007 முதலும், இசுரேலின் நெகேவுப் பாலையில் 2014 முதலும் இத்தகைய விழாக்கள் எழுந்தன. 2018இல் வாசிங்டன் நகரின் இரென்விக்குக் கலைக்கூடம் இவ்விழாக் கலைகளுக்கெனத் தனிக் காட்சியே அமைத்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஆர்வே மறைந்தார். தொடங்கியவர் மறைந்தபின்னும் விழா நிற்கின்றது. ஆயினும் 2011இல் முதன்முறையாக முற்றும் விற்றுத் தீர்ந்த சீட்டுகள், 2024இல் எஞ்சிக் கிடந்தன. புகழ் தளரும் இக்காலமே தன்னை ஆராய்வதற்கேற்ற காலமாகும்.

முடிவாகக் கூறின், பாவையை எரித்தல் எவர்க்கும் இயலும். ஒரு தீக்குச்சி போதும். குனிந்து ஆணி பொறுக்கியவனும், புயலூரில் தங்கி உழைத்தவனும், செல்வர் பாசறையை எதிர்த்துக் குரல் கொடுத்தவனுமே இவ்விழாவை விழாவாக்கினர். வேலிக்குள் எட்டு நாள் வாழ்ந்த ஒப்புரவை வேலிக்கு வெளியே எஞ்சிய நாள்களுக்கும் எடுத்துச் செல்வார்களாயின், பையூட்டு முதியவளின் சாலையோரக் கடையில் அவர்கள் பண்பாடு தொடங்கும். இல்லையேல், ஆண்டுக்கொருமுறை எரிவது மரம் மட்டுமே. எஞ்சுவது சாம்பல் மட்டுமே.