நிலையிலாச் சந்தையில் விற்பனைத் தொழில் நாடுவோர்க்கு

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்னும் பழமொழிக்கு நம்மவர் நெடுங்காலமாக ஒரே பொருளைக் கொண்டு வந்தனர். கல்லூரியிற் கற்றவன் எழுதுவினைஞனாகவோ ஆசிரியனாகவோ அரசாங்க சேவையில் அமர்தல் வேண்டும். அன்றேல் அவன் கற்ற கல்வி வீணாயிற்றெனச் சுற்றத்தார் இரங்குவர். பொருள் விற்றலோ, படிப்பு ஏறாதார்க்கு விடப்பட்ட தொழிலென ஒதுக்கப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை பாடிப் போற்றியிருக்கவும், அப்பாட்டைப் பரீட்சைக்குக் கற்ற நாமே வணிகத்தை இழிவெனக் கருதியமை வியப்பன்றோ!

இக்கருத்து இனி நிலைபெறாது. 2020ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராக நியமித்தது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலோ, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தல் இயலாதென அதே நாடு அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய பெருந்தொகை நியமனம் மீண்டும் வருமென வாசலிற் காத்திருத்தல் அறிவுடைமையாகாது. எம் கல்லூரியின் இளைஞர் பலர் விற்பனைப் பிரதிநிதிகளாகவும் முகவர்களாகவும் தொழில் தேடிச் செல்வர். அவர்க்குச் சில சொல்லுதல் இம்மலருக்குப் பொருத்தமாகுமெனக் கருதுகின்றேன்.

விசுவமடுவை எடுத்துக்கொள்வோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குமிடத்தில் அமைந்த விவசாயக் குடியேற்றம் அது. சந்தையின் நிலையாமையை இவ்வூரார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலமும் சீமெந்தும் எரிபொருளும் யூரியாவும் வன்னிக்கு வருதல் அரிதாயிற்று. 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறந்தபோது கொழும்புப் பொருள்கள் வந்து குவிந்தன. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவ்வீதி மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரே வெறுமையாயிற்று. மீள்குடியேறிய மக்களிடம் முதலில் வந்து சேர்ந்தவர்களுள் விற்பனைப் பிரதிநிதிகளும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

அதன்பின் நிகழ்ந்த மூன்று செய்திகள் தொழில் தேடுவார்க்குப் பாடமாகத் தக்கன.

முதலாவது, நுண்கடன். நிதி நிறுவனங்கள் ஊர் இளைஞரையே ஊழியராக அமர்த்தின. ஊர்ப்பிள்ளை கேட்டால் மாமியும் பெரியம்மாவும் கையொப்பம் இடுவர் என்பதை அந்நிறுவனங்கள் நன்கறிந்திருந்தன. கடன் விற்றவனே சில மாதங்களின்பின் தவணை கேட்டு அதே படலையில் நிற்க வேண்டியவனானான். 2018ஆம் ஆண்டில், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவிற்கு நிலைமை முற்றிற்று. கடனுக்கு நிவாரணம் உண்டு. உறவினரிடத்து இழந்த நம்பிக்கைக்கு நிவாரணம் ஏது?

இரண்டாவது, உரமும் பீடைநாசினியும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாறு மாதங்களில், அப்பொருள்களையே நம்பியிருந்த விற்பனையாளர் விற்பதற்குப் பொருளின்றித் திகைத்தனர். அவர் திறமையிற் குறையொன்றுமில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலே அவர் தொழிலை நிறுத்திற்று.

மூன்றாவது, வாகனம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே திறக்கப்பட்டது. இடையே, 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில், மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வண்டியும் அரிது, தவணைக்கு வாங்குவோனும் அரிது என்னும் நிலை வந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? விற்பனையாளனின் வருமானம் அவன் நாவன்மையை மட்டுமன்றி, அவன் விற்கும் பொருள் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதையும் பொறுத்தது. ஆகவே தொழில் தேடுவோன் முதலில் நிறுவனத்தின் பெயரை நோக்காது, பொருளை நோக்குக. அப்பொருள் முற்றும் இறக்குமதியா? கடனின்றி விற்கப்படுமா? பஞ்ச காலத்திலும் சனங்கள் அதனை வாங்குவரா? சவர்க்காரமும் தேயிலையும் விற்பவன் பெருந்தரகு பெறான். ஆயினும் 2022இலும் அவனுக்குக் கடைவாசல் அடைபடவில்லை.

அடுத்து, நேர்முகத் தேர்விற் கேட்கப்படுவோனாக மட்டும் இராது கேட்போனாகவும் இருத்தல் வேண்டும். கேட்கத்தக்கன சில உள.

நியமனக் கடிதம் எழுத்தில் தரப்படுமா? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலை நிபந்தனைகளை ஊழியனுக்கு எழுத்திற் கொடுக்குமாறு விதிக்கின்றது. ஊழியனாக அமர்த்துவரா, "சுயாதீன முகவர்" எனப் பெயரிட்டு ஒதுக்குவரா? இவ்வேறுபாடு சிறிதன்று. மாதச் சம்பளம் 40,000 ரூபா எனக் கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டியது 12 சதவீதம், அஃதாவது 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், அஃதாவது 1,200 ரூபா. மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபா. முகவர் என்னும் ஒரு சொல்லாலே இத்தொகை நம் இளைஞனின் முதுமையினின்றும் கழிக்கப்படுகின்றது.

கடைக்காரர் செலுத்தாத நிலுவையை யார் தாங்குவது? கடைக்காரர் கடனுக்குப் பிரதிநிதியே பொறுப்பென ஒப்பந்தம் கூறுமாயின், அது வேலையன்று, பிணைநிற்றல் என்க. வாசியாது கையொப்பமிடுதல் ஆகாது.

விற்பனை இலக்கு எவ்வாறு வகுக்கப்படுகின்றது? கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் ஆண்டிலக்கைப் பன்னிரண்டாற் பிரித்து அனுப்புதல் எளிது. வன்னியிலோ பணம் வயலோடு வருகின்றது. பெரும்போக விதைப்பின்போதும் மாரி மழையின்போதும் உழவன் கையில் உள்ளது கடன் கொப்பியே. தைக்குப் பின் பங்குனி வரை, அறுவடை நெல் விலைப்படும் காலத்திலேயே அவன் வீட்டுக்குப் பொருள் வாங்குகின்றான். வீட்டுப் பொருள் விற்கும் வேலையை ஐப்பசியில் ஏற்று, மார்கழிக்குள் இலக்கை எட்டவேண்டுமென்னும் பயிற்சிக்கால நிபந்தனைக்கு இணங்குவோன் தோல்விக்கே இணங்குகின்றான். இதனைக் கணக்கோடு எடுத்துரைக்கும் இளைஞனை நல்ல முகாமையாளர் வெறுக்கமாட்டார். தம் அலுவலகம் அறியாத ஒன்றை அவன் அறிந்திருக்கின்றான் என மதிப்பர்.

வேலை தேடும்போது காட்டத்தக்க சான்று எது? பட்டமும் சான்றிதழும் வாயில் வரை அழைத்துச் செல்லும். அதற்குமேல் உதவுவது, தான் சென்ற கடைகள், விற்ற அளவு, அறவிட்ட நிலுவை, இழந்த வாடிக்கையாளர், இழந்த காரணம் என்பவற்றை மாதந்தோறும் எழுதிய தன் சொந்தக் கணக்கு. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைக் களவாக எடுத்துச் செல்லுதல் வேறு. தன் உழைப்பின் அளவைத் தான் அறிந்திருத்தல் வேறு. முன்னதைக் கொண்டு வருபவனை நாளை தன்னிடத்தும் திருடுவான் என எந்த முதலாளியும் ஐயுறுவான்.

மேலும், சிங்களமும் ஆங்கிலமும் பேசக் கற்றல் இத்தொழிலில் அலங்காரமன்று, படிக்கட்டு. தமிழ் மட்டும் அறிந்த பிரதிநிதி தன் பகுதியிற் சிறப்பான். பிராந்திய முகாமையாளனாக உயர்தற்கு மேலிடத்தோடு உரையாடவேண்டும். பொருளின் தொழினுட்பம் அறிதலும் அத்தகையதே. நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் அதனை விற்றற்கு நீண்ட பேச்சு வேண்டுவதில்லை. விற்பனை மந்தமாகும் காலத்தில் திருத்துநனாகவும் பிழைப்பான். அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் வணிகக் கற்கைகள் பீடமும் எட்டும் தூரத்தில் உள்ளன.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். பணம் கட்டினால் வேலை, மேலும் இருவரைச் சேர்த்தால் தரகு எனக் கூறுவோர் விற்பனைத் தொழிலின் வேடம் பூண்டு வருகின்றனர். பிரமிட் திட்டம் எனப்படும் அவ்வகை நமது நாட்டு வங்கித்தொழிற் சட்டத்தின்படி குற்றம். பொருள் விற்று வரும் பணத்தினும் ஆள் சேர்த்து வரும் பணம் மிகுமாயின், அங்கே விற்கப்படும் பொருள் நம் நண்பனே என உணர்க.

இத்தனையும் கேட்டுத் தெரிந்தெடுக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வசதி உண்டோ என வினவுவார் உளர். கேள்வி நியாயமானதே. இன்று அடுப்பெரிய வேண்டுமாயின் கிடைத்த வேலையை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கும்போதே அதன் குறையை அறிந்து ஏற்பவன் அடுத்த வேலைக்கு ஆயத்தமாகின்றான். அறியாது ஏற்பவன் வீழ்ந்தபின்பே விழிக்கின்றான். யாதாயினும் ஒன்றை மட்டும் வறுமையின் பெயராலும் விற்றலாகாது: ஊராரின் நம்பிக்கையை. நிறுவனம் இவ்வாண்டு வரும், அடுத்த ஆண்டு கிளையை மூடிச் செல்லும். விசுவமடுவில் விற்றவன் விசுவமடுவிலேயே வாழவேண்டும். அடுத்த அறுவடைக்கும் அதே படலையில் கூசாது நிற்கமுடியுமா என்பதே ஒரு வேலையை ஏற்குமுன் தன்னைத் தான் கேட்கவேண்டிய இறுதி வினா.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நம்மவர் பலர் வங்கிகளிலும் வணிக நிலையங்களிலும் பொறுப்பான பதவி வகிக்கின்றனர். அவரிடம் நம் இளைஞர் வேண்டுவது சிபாரிசுக் கடிதமன்று, உண்மைச் செய்தி. எந்நிறுவனம் சேமலாப நிதியை ஒழுங்காகச் செலுத்துகின்றது, எங்கே இலக்கு நியாயமானது, எங்கே நிலுவையை ஊழியன் தலையிற் கட்டுகின்றனர் என்பவற்றை ஆண்டுக்கு ஒருமுறை உயர்தர மாணவர்முன் வந்து ஒரு மாலைப்பொழுது எடுத்துரைப்பாராயின், அவ்வுதவி கட்டடம் ஒன்று எழுப்புதலினும் குறைந்ததாகாது. யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலேயே அது தொடங்குக. கல்லூரி அன்னை வாழ்க!