ஊசி நூலுக்கும் ஒரு மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கியது. அதில் சேரும் கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மரக்கன்று நடுவது, பேரணி போவது எல்லாம் சரி. கொஞ்ச நேரத்தைத் தையலுக்கும் கொடுத்தால் என்ன? தமிழக அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் இலவசச் சீருடை கிடைக்கிறது. அருமையான திட்டம். ஆனால், வளரும் பிள்ளைக்கு எந்த அளவும் நிலையில்லை. தொளதொள கால்சட்டையை இடுப்பில் ஊக்கு குத்தி நிறுத்திக்கொண்டு, பட்டன் அறுந்த சட்டையை ஒரு கையால் பிடித்தபடி இறைவணக்கத்தில் நிற்கும் சிறுவனின் கூச்சம் சாதாரணமானதல்ல. பாவாடையின் உள்மடிப்பைப் பிரித்து இறக்கி, பழைய மடிப்புக் கோட்டில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, கையாலேயே புதிதாக ஹெம்மிங் போட்டுவிடலாம். மெஷின்கூட வேண்டாம். பட்டன் தைக்க ஐந்து நிமிடம் போதும். இது பெண்கள் வேலை என்று மாணவர்கள் ஒதுங்கக் கூடாது. நம் கடைத்தெருத் தையல்காரர்களில் ஆண்கள்தானே அதிகம்! தலைமையாசிரியர்களே, அடுத்த முறை சீருடை வந்திறங்கும் வாரத்திலேயே பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் பேசுங்கள். ஊசி, நூல், பட்டன் செலவை ஊர்க்காரர்கள் நாம் ஏற்றுக்கொள்வோம்.