புறாமலைக்குப் போகும் முன் ஜக்கெட்டை எண்ணுங்கள்



ஆகஸ்ட் லீவு வந்தால் நம் குடும்பங்களில் நிலாவெளிப் பயணம்தான் பேச்சு. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம். புறாமலை கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர்தான். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பாறை இடுக்கில் புறாக்கள், தெளிந்த தண்ணீரில் முருகைக்கற்கள், ஆமை, சிறு சுறா என்று எல்லாமே அங்கு இருக்கின்றன. ஆசிரியர்களாகச் சொல்கிறோம், பிள்ளைகள் இதைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ஆனால் ஒரு விசயத்தைப் பேசியே ஆக வேண்டும். தீவில் பிறந்து வளர்ந்தும் நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இந்தக் குறை இன்னும் அதிகம். அப்படியிருந்தும் படகில் ஏறியதும் "சூடாக இருக்கு", "அபாயாவுக்கு மேல சரிவராது", "இந்தா கரை தெரியுதே" என்று லைஃப் ஜக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர்கள் எத்தனை பேர்!

2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. அது ஆழ்கடல் இல்லை, களப்பு. அங்கும் கரை கண்ணுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகள் ஜனாஸாவாக வீடு திரும்பினார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர் ஜக்கெட் இல்லாமல் இறங்கிக் களைத்தால் என்ன செய்வார்? காலுக்குக் கீழே அகப்படுவதில் ஏறி நிற்பார். அது வெறும் கல் இல்லை, உயிருள்ளது. உருண்டைப் பாறை போல் இருக்கும் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். கிளை கிளையாக வளரும் முருகை ஒரே மிதியில் முறிந்துவிடும். மிதந்துகொண்டு பார்ப்பவருக்கு எதிலும் நிற்கத் தேவையில்லை. ஒரு ஜக்கெட் பிள்ளையையும் காக்கும், முருகையையும் காக்கும். இரண்டுமே நம்மிடம் உள்ள அமானிதம்.

"அப்போ பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகாமல் விடுவோம்" என்பது தீர்வில்லை. கடலுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு கடலைக் கண்டு பயந்து ஒதுங்க முடியுமா?

ஆகவே படகுக்காரரிடம் விலை பேசும் முன் ஜக்கெட்டை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்களின் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஏறாதீர்கள். காசு மிச்சம் பிடிக்க ஒரே படகில் நெருக்கி ஏறவும் வேண்டாம். கொண்டு போகும் போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுச் சுற்றுப்போட்டிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை நீச்சல் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுவிப்பாளரோடு தனி நேரம் வையுங்கள். அடுத்த லீவுக்குள் ஒவ்வொரு ஊரிலும் இருபது பிள்ளைகள் மிதக்கப் பழகினாலே பெரிய காரியம்.

லீவுக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைப் பகிருங்கள்.