தெருவில் காக்கி கூடினால் போதுமா?

‘பிரிட்டனில் குற்றங்கள் துலங்காமல் போவதற்கு ஆள் பற்றாக்குறையே காரணம், போலீஸாரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. 2010க்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைக்கப்பட்ட சுமார் 20,000 பணியிடங்கள் 2023 மார்ச்சுக்குள் நிரப்பப்பட்டன. துப்பறிதல் தேறியதா? பதிவான குற்றங்களில் குற்றச்சாட்டு வரை சென்றவை 2015 வாக்கில் ஏறக்குறைய 16 சதவீதம்; 2022இல் 6 சதவீதத்துக்கும் கீழே சரிந்த அந்த விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

போனது தலைக்கணக்கு மட்டுமல்ல, அனுபவம். இருபது ஆண்டு வழக்கு நடத்திய துப்பறிவாளரின் இடத்தைப் பயிற்சி முடித்த இளைஞர் ஓரிரு ஆண்டில் நிரப்ப முடியாது. அரசின் தடயவியல் சேவை நிறுவனத்தையும் 2012இல் மூடிவிட்டார்கள். அது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன்.

லண்டன் பெருநகரக் காவல்துறை பற்றி 2023இல் லூயிஸ் கேசி அளித்த அறிக்கையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. பாலியல் வன்முறை வழக்குகளின் தடயங்கள் பிதுங்கி வழியும் பழுதான உறைபெட்டிகளில் கிடந்தன. 2022 வெயிலில் ஒரு பெட்டி செயலிழந்து, உள்ளிருந்த சான்றுகள் அழிந்தன என்று அந்த அறிக்கையில் ஓர் அதிகாரியே சொல்லியிருக்கிறார். துணிந்து வந்து புகார் கொடுத்த பெண்ணுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி அது. தெருமுனையில் இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தால் அந்தச் சான்று பிழைத்திருக்குமா?

இதையெல்லாம் தாண்டி வழக்குப் பதிவானாலும், கிரவுன் நீதிமன்றங்களில் 70,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. காத்திருந்து களைத்து, சாட்சிகள் விலகிப்போகிறார்கள். அடுத்த நிதி ஆய்வகங்களுக்கும், துப்பறிவாளர்களின் பயிற்சிக்கும், நீதிமன்றங்களுக்கும் போகட்டும்.