நானா, நாங்களா?

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில் ஓர் இளங்குருவுக்குத் தாம் குருவே அல்ல என்று தெரியவந்தது. 1990-இல் அவருக்குத் திருமுழுக்கு கொடுத்த திருத்தொண்டர், ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள்’ என்று சொன்னது வீட்டு வீடியோவில் பதிவாகியிருந்தது. அப்படிச் சொன்னால் திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் அறிவித்ததும் அந்த மாதம்தான். திருமுழுக்கு இல்லாவிட்டால் குருப்பட்டமும் இல்லை. 2017-இல் பெற்ற பட்டம் ஒன்றுமில்லாமல் போக, அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றுக்கொண்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். பாவத்தில் கிடக்கும் குரு வைத்த பூசை செல்லும் என்று கத்தோலிக்கம் சொல்கிறது. நல்ல மனதோடு ஒரு சொல்லை மாற்றியவர் கொடுத்தது மட்டும் செல்லாதா?

இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து எழுநூறுக்கும் மேல். உரோமைப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்து வேதகலாபனையில் சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர் கைவைத்துக் கொடுத்த பட்டம் தீட்டுப்பட்டது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவினர் பிரிந்துபோனார்கள். செல்லும் என்றது 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம். பின்னால் வந்த அகுஸ்தீனார் இன்னும் துணிச்சலாகச் சொன்னார்: யூதாசே திருமுழுக்கு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான். திருமுழுக்கு, குருப்பட்டம் போன்ற அருட்சாதனத்தின் உடைமையாளர் குரு அல்ல. அவர் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் கை. கை அழுக்கானது என்பதால் கொடுத்த பொருள் கெட்டுவிடாது.

அதே காரணத்தால்தான் அந்தப் பொருளை மாற்றவும் கைக்கு உரிமை கிடையாது. ‘நாங்கள்’ என்றவர் கூடியிருந்த குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ள நினைத்திருப்பார். ஆனால் அந்த ‘நான்’ அவருடையது அல்லவே! இரவல் வாங்கிய சொல்லைத் திருத்தும் உரிமை அவருக்கு ஏது?

இந்தப் போதனையைக் குருக்களுக்குக் கவசமாகப் பிடிப்பவர்களும் உண்டு. ‘சாமியாரைப் பற்றிப் பேசக்கூடாது’ என்று வாயை அடைப்பதற்கு இதில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. இது தரும் பாதுகாப்பு, அருட்சாதனத்தைப் பெற்றுக்கொள்கிற மக்களுக்கு. தவறிய குருவைப் பணியிலிருந்து நீக்கலாம், குருநிலையிலிருந்தே அகற்றலாம். அப்படி அகற்றப்பட்டவரும், சாகக் கிடக்கிற ஒருவர் கேட்டால், பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. கடைசி மூச்சில் இருப்பவர் எதிரில் நிற்பவரின் யோக்கியதையை விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

உச்சியில் இருப்பவருக்கும் இதே கட்டுதான். 1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருப்பட்டம் தரும் அதிகாரம் திருச்சபைக்கே இல்லை என்று எழுதினார். ‘தர மாட்டேன்’ என்பது வேறு, ‘என் கையில் இல்லை’ என்பது வேறு. இந்த வாதத்தை ஏற்காத கத்தோலிக்க இறையியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பவரும் வாதம் இன்னதென்று தெரிந்துகொண்டு எதிர்ப்பது நல்லது. குருக்களின் மணத்துறவு அப்படியல்ல. அது திருச்சபை தானே இட்ட ஒழுங்கு, மாற்றவும் முடியும். கீழைக் கத்தோலிக்கச் சபைகள் பலவற்றில் மணமானவர்கள் இன்றும் குருக்களாக இருக்கிறார்கள்.

அந்த இளங்குரு மூன்று ஆண்டுகளில் நிறைவேற்றிய திருப்பலிகளும் கொடுத்த பாவமன்னிப்பும் செல்லவில்லை. ஆனால் அவர் கொடுத்த திருமுழுக்குகள் செல்லும். திருமுழுக்கு செல்லுபடியாக, கொடுப்பவர் குருவாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. திருமுழுக்கு பெறாதவர்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி உரிய சொற்களைச் சொன்னால் போதும். அவர் கையால் திருமுழுக்கு பெற்ற குழந்தைகளை மறுபடி தொட்டிக்குத் தூக்கிவர வேண்டிய தேவை அதனால் எழவில்லை.